ஆடியில் இறுகும் லாச்சி

ஹட்டனில் எங்கள் வீட்டுக் குசினியைப் புதுப்பித்தபோது, சுவரோடு சேர்த்துத் தேக்கில் அலுமாரி அடித்தோம். வேலை முடிந்தது ஒரு மாசி மாதம். மழை இல்லை, நல்ல வெயில். லாச்சிகள், அதாவது இழுப்பறைகள், சட்டத்துக்குள் அடங்கி நிற்கும் வகை. முகப்புப் பலகைக்கு மேலே ஒரு மில்லிமீற்றர், கீழே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டிருந்தார்கள். விரலால் தொட்டால் ஓடும். ஆடி பிறந்து பத்து நாளில் மூன்று லாச்சிகள் அசையவே இல்லை.

சீவித் தரச்சொல்லி ஊரில் வயதான மரவேலை பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் சீவுளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இப்ப சீவினா மாசியில பல்லு விழுந்த மாதிரி நிக்கும் தம்பி. பொறுங்க" என்றார். பொறுத்தோம். மாசியில் லாச்சிகள் தாமாகவே திறந்தன.

அந்த அரை வருடத்தில் மரத்துக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு, அலுமாரி வேலையின் கடைசிக் கட்டத்தையே நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். சுவரோரப் பட்டி, கதவுச் சட்டத்தில் வெட்டும் காடி என்ற நீளப்பள்ளம், பின்பக்கத்து வார்னிஷ் எல்லாம் அழகுக்காகச் செய்யப்படுபவை என்று நினைத்திருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை மரம் அசைய இடம் கொடுப்பதற்காகவே இருக்கின்றன.

மலைநாட்டில் இதை விளக்கத் தேயிலைத்தூளே போதும். தொழிற்சாலையில் சூடு காட்டி இறக்கும்போது தூளில் ஏறக்குறைய 3 சதவீத ஈரம்தான் இருக்கும். மூடுபனி நாளில் டின்னைத் திறந்து வைத்தால் தூள் நமத்துவிடும். யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை, காற்றிலுள்ள நீராவியைத் தூளே இழுத்துக்கொள்கிறது. காய்ந்த மரமும் அப்படித்தான். மரத்தின் செல் சுவர்கள் செல்லுலோசு இழைகளால் ஆனவை. அந்த இழைகளிலும் அவற்றைச் சூழ்ந்த ஹெமிசெல்லுலோசிலும் நீரை ஈர்க்கும் ஹைட்ரொக்சில் கூட்டங்கள் நிறைந்திருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் அவற்றில் ஒட்டும்போது இழைகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்கிவிடுகின்றன.

இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. கட்டி வைத்த விறகுக் கட்டுக்குள் இன்னும் நாலு குச்சியைச் செருகிப் பாருங்கள். கட்டு பருக்கும், நீளாது. அதேபோல, ஈரம் ஏறிய பலகை அகலத்தில் கூடும், நீளத்தில் கூடுவது கண்ணுக்கே தெரியாது. லாச்சி முகப்பில் நார் இடம் வலமாக ஓடுவதால் அதன் உயரம்தான் வளர்ந்தது. இறுகியதும் மேலும் கீழும்தான், பக்கவாட்டில் இல்லை.

சரி, எவ்வளவு வளரும்? காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் அப்போது இருக்கும் பங்கு, 65 சதவீதத்தில் நிலைத்தால் மரத்தின் ஈரம் 12 சதவீதமளவில் வந்து நிற்கும். சாரீரப்பதன் 90 சதவீதத்திலேயே கிழமைக்கணக்கில் இருந்தால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தொடும். அந்த எட்டும் முழுதாக மாறாமல் 6 சதவீதம் மட்டும் மாறியதாக வைத்துக்கொள்வோம். ஈரம் ஒரு சதவீதம் மாறும்போது, ஆண்டு வளையங்கள் படுத்தபடி அறுத்த தேக்குப் பலகையின் அகலம் சுமார் 0.186 சதவீதம் மாறும். 200 மில்லிமீற்றர் உயரமுள்ள லாச்சி முகப்புக்கு இது 2.2 மில்லிமீற்றர். எங்கள் லாச்சிக்குக் கிடைத்த இடமோ இரண்டே மில்லிமீற்றர். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இத்தனைக்கும் தேக்கு குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. மலையில் மலிவாகக் கிடைக்கும் யூக்கலிப்டஸ் வகைகள் இதைவிட நன்றாகவே அசையும்.

மரக்காலையில் பலகை வாங்கும்போது அதன் வெட்டுமுனையைப் பாருங்கள். வளையங்கள் படுத்த வில்லாகத் தெரிந்தால் அந்தப் பலகை அதிகம் அசையும். நிமிர்ந்த கோடுகளாகத் தெரிந்தால் தேக்கில் அசைவு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். மரத்தின் மையத்திலிருந்து வெளியே ஓடும் கதிர்க் கலங்கள் அந்தத் திசையில் மரத்தை இழுத்துப் பிடித்திருப்பது இதற்கு ஒரு காரணம். லாச்சி முகப்புகளுக்கு மட்டுமாவது நிமிர்ந்த கோட்டுப் பலகையைப் பொறுக்கி எடுப்பது கூடுதல் காசுக்குத் தகும் என்பது என் எண்ணம்.

இனி சுவருக்கு வருவோம். மலைநாட்டுப் பழைய வீடுகளில் நேரான சுவர் அரிது. கல்லும் சாந்துமாகக் கட்டி, பல தடவை பூசி, சுண்ணாம்பு ஏறிய சுவர்கள் அவை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மேலுக்கும் கீழுக்கும் ஒரு விரல் வித்தியாசம் இருக்கும். அலுமாரிப் பெட்டி நேராக நின்றால்தான் கதவு ஒழுங்காகத் தொங்கும். நேரான பெட்டிக்கும் வளைந்த சுவருக்கும் நடுவே உள்ள கோணல் இடத்தை மூடுவது ஒரு ஒடுக்கமான பட்டி. அதைச் சுவரின் வளைவுக்கே வெட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்த வேலை.

பட்டியைச் சுவரோரமாக நேர்குத்தாகத் தற்காலிகமாக நிறுத்துகிறார்கள். கவராயத்தை, இருப்பதில் மிக அகலமான இடைவெளிக்குத் திறந்துகொள்கிறார்கள். முள் சுவரைத் தொட, பென்சில் பட்டியைத் தொட, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. சுவரின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதே அளவு தள்ளிப் பட்டியின் மேல் கோடாக விழும். ஒரு நிபந்தனை உண்டு: கவராயம் கடைசிவரை மட்டமாகவே இருக்க வேண்டும். கை திரும்பினால் பென்சிலுக்கும் சுவருக்கும் உள்ள கிடைத்தூரம் குறைந்து கோடு பொய் சொல்லும். அப்புறம் அந்தக் கோட்டில் அறுக்கும்போது வாளைச் சற்றுச் சாய்த்துப் பிடிப்பார்கள். பட்டியின் முன்விளிம்பு மட்டும் சுவரைத் தொடும், பின்புறம் விலகி நிற்கும். சுவரில் ஒரு சிறு கட்டி இருந்தால் முன்விளிம்பை ஒரு சீவல் சீவினால் போதும்.

அப்படிப் பொருத்தியும் மயிரிழை இடைவெளி தெரிந்தால் மேலே ஃபில்லர் பூசுவது வழக்கம். ஆறு மாதத்தில் அது வெடித்துவிடும். பூசியவர் மேல் கோபம் வரும். ஆனால் கோளாறு இடைவெளியின் அளவில் இருக்கிறது. இழுபடும் பூச்சுகளில் நல்லவை தம் அகலத்தில் 25 சதவீதம்வரை விரியவும் சுருங்கவும் தாங்கும். இடைவெளி ஒரு மில்லிமீற்றர் என்றால் அது தாங்குவது கால் மில்லிமீற்றர் அசைவுதான். நான்கு மில்லிமீற்றர் என்றால் முழுதாக ஒரு மில்லிமீற்றர். மறைக்க வேண்டிய இடைவெளியைப் பெரிதாக்கினால் பூச்சு அதிக நாள் நிற்கும் என்பதை முதலில் கேட்டபோது நம்ப முடியவில்லை. இரண்டாவது விடயம், பூச்சு சுவரிலும் மரத்திலும் மட்டும் ஒட்ட வேண்டும், பின்னாலுள்ள மூன்றாவது பரப்பில் ஒட்டக்கூடாது. மூன்றிலும் ஒட்டினால் ரப்பர் பட்டையை நடுவில் ஆணியடித்து இழுத்த கதைதான், கிழிந்துவிடும். அதனால்தான் ஆழமான இடைவெளிக்குள் முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து, அதற்கு மேலே பூசுகிறார்கள். பெயின்ட் அடிக்கும் இடமென்றால் அக்ரிலிக் பூச்சு வாங்குங்கள். சாதாரண சிலிகன் மேல் பெயின்ட் ஒட்டாது.

கதவுகளில் இதே பிரச்சினைக்குத் தச்சர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். ஒரே அகலப் பலகையில் கதவு செய்தால் அது விரியும், வளையும். அதனால் ஒடுக்கமான சட்டங்களால் ஒரு கூடு செய்து, சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, நடுப்பலகையைக் காடிக்குள் பசை போடாமல் விடுகிறார்கள். 400 மில்லிமீற்றர் அகலமுள்ள தேக்கு நடுப்பலகை மேலே சொன்ன 6 சதவீத மாற்றத்தில் 4.5 மில்லிமீற்றர் அசையும். அந்த அசைவு முழுவதும் காடிக்குள்ளேயே நடந்து முடியும், கதவின் வெளியளவு அதிகம் மாறாது. இங்கே ஒரு முடிப்பு வேலை தவறிப்போவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். கதவை ஒன்றாகப் பொருத்திய பிறகு பெயின்ட் அடித்தால், மாசியில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் பெயின்ட் படாத வெள்ளைக்கோடு எட்டிப்பார்க்கும். பலகைக்கு முதலில் தனியாக அடித்துவிட்டுத்தான் காடிக்குள் இறக்க வேண்டும்.

வார்னிஷ் அடித்தால் ஈரம் போகாது என்று பலர் சொல்வார்கள். போகும், மெதுவாகப் போகும். இரண்டு நாள் மூடுபனியை வார்னிஷ் தடுத்துவிடும், மூன்று மாத மழையைத் தடுக்காது. முன்பக்கம் மூன்று பூச்சு, பின்பக்கம் வெறும் மரம் என்று விட்டால் பின்பக்கம் வேகமாகக் குடித்து விரிய, பலகை வில்லாக வளையும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் அதே எண்ணிக்கைப் பூச்சு வேண்டும். வெட்டுமுனைகளுக்கு இன்னும் ஒன்று கூட அடியுங்கள், நாரின் திறந்த வாய் அங்கேதான் இருக்கிறது.

எம்.டி.எஃப். பலகைக்கு இந்த அகல அசைவு பெரிய தொல்லை இல்லை. அதன் கேடு வேறு. மரநாரைப் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்த பலகை அது. விளிம்பில் தண்ணீர் ஏறினால், நசுக்கப்பட்ட நார்கள் நிமிர்ந்து பலகை தடிக்கும். காய்ந்தாலும் அந்தத் தடிப்பு முழுவதும் இறங்காது. ஆகவே பென்ட்ரிப் பெட்டியைத் தரையில் நேரே வைக்காமல் 100 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தி, முன்னால் கழற்றக்கூடிய அடிப்பலகையை மாட்டுவது நல்லது. தரை துடைக்கும் தண்ணீர் பெட்டியைத் தொடாது. அடிப்பலகையின் கீழ்விளிம்பு மட்டும் நனையும், அதை மாற்றலாம்.

நுவரெலியா போன்ற குளிரிடங்களில் பெட்டியின் முதுகுதான் இன்னும் முக்கியம். குசினிக்குள் 20 பாகை வெப்பமும் 70 சதவீத சாரீரப்பதனும் இருந்தால் அந்தக் காற்று 14 பாகையை ஒட்டிய பரப்பில் பனித்துளியாகிவிடும். பூஞ்சணத்துக்கு அவ்வளவு குளிர்கூட வேண்டாம், சுவரோரச் சாரீரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே போதும். இந்தக் காற்றில் அது 18 பாகைக்குச் சற்றுக் கீழேயே நடந்துவிடும். இரவுக் குளிரில் நிற்கும் வெளிச்சுவரில் பெட்டியை ஒட்டினால், வீட்டுச் சூடு எட்டாத அந்த மறைவில் பூஞ்சணம் கறுப்பாகப் படரும். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டு, அடிப்பலகையிலும் மேலேயும் காற்றுத் துவாரம் வைத்தால் அறைக்காற்று பின்னால் ஏறி இறங்கும். முடிந்தால் பெட்டியை உட்சுவரில் வையுங்கள், அதைவிட நல்ல வழி இல்லை.

இந்த வருடம் மாசியில் மேல்வரிசை அலுமாரியைச் செய்ய அதே பாஸைக் கூப்பிட்டேன். முகப்புகள் ஒவ்வொன்றும் 200 மில்லிமீற்றர். இடைவெளி எவ்வளவு விடுவீர்கள் என்று கேட்டதற்கு அவர் கணக்குப் போடவில்லை, மாதத்தைச் சொன்னார். "மாசியில மாட்டுறதுன்னா மேல கீழ சேர்த்து மூணரை விடணும். ஆடியில மாட்டினா ஒண்ணு போதும், பிறகு இடைவெளி தானா விரியும்." பண்டாரவளையில் என்ன செய்வார் என்று கேட்டேன். ஆடியில் இங்கே மழை கொட்டும்போது பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்த காற்றுதான் வீசும், அங்கே பெருமழை ஐப்பசியிலிருந்து. "அங்க ஆடியிலதான் மூணரை" என்றார், சீவுளியின் அலகைத் துடைத்தபடி.