மார்க்ஸ் தண்டால் எடுத்த பள்ளிக்கூடம்

கார்ல் மார்க்ஸ் 1830 முதல் 1835 வரை ட்ரியர் நகரத்து ‘உடற்பயிற்சிக் கூடத்தில்’ படித்தார் என்று போன வாரம் ஒரு கட்டுரையில் பார்த்தேன். அடுத்த வரியிலேயே அங்கே லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார்கள் என்று வருகிறது. கர்லாக்கட்டை சுற்றும் இடத்தில் லத்தீன் எதற்கு என்று எழுதிய கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஐன்ஸ்டைனுக்கும் இதே கதிதான். மியூனிக்கில் உடற்பயிற்சிக் கூடம் பிடிக்காமல் 15 வயதில் வெளியேறினாராம்.

ஜெர்மன் மூலத்தில் இருக்கும் சொல் கிம்னாசியம். அங்கே அது பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் பள்ளி, ஆங்கிலத்து ஜிம்னாசியம் என்று நினைத்து உடற்பயிற்சிக் கூடமாக்கிவிட்டார்கள். கிரேக்கத்தில் ‘கிம்னோஸ்’ என்றால் அம்மணம், அம்மணமாக உடற்பயிற்சி செய்த இடம் கிம்னாசியோன், அவ்வளவுதான். (அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்கர்கள் நம் நாட்டுத் துறவிகளைக் கிம்னோசோஃபிஸ்ட், அதாவது அம்மண ஞானிகள் என்றதும் இதே வேரில்தான்.) இளைஞர்கள் கூடும் இடம் என்பதால் பாடமும் விவாதமும் அங்கேயே நடந்தன. பிளேட்டோவின் அகாடமி, அரிஸ்டாட்டிலின் லைசியம் இரண்டுமே ஏதென்ஸின் கிம்னாசியங்கள் இருந்த இடங்கள். பிற்பாடு சொல்லைப் பங்கு போட்டபோது ஆங்கிலம் உடம்பை எடுத்துக்கொண்டது, ஜெர்மன் படிப்பை எடுத்துக்கொண்டது. இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. 937ஆம் குறளில் ‘கழகம்’ சூதாடும் இடம், இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குகிறோம்.

சரி, உடற்பயிற்சிக் கூடம் தப்பு என்று சொன்னால் உடனே ‘இலக்கணப் பள்ளி’ என்று நீட்டுகிறார்கள். இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஜெர்மனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர் ஊர் வழக்கப்படி ‘கிராமர் ஸ்கூல்’ என்று போட்டுவைக்க, நம்மவர் மூலத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் அதை அப்படியே தமிழாக்கிவிடுகிறார். இங்கிலாந்திலேயே அந்தப் பெயரில் இருக்கும் இலக்கணம் அந்தக் காலத்து லத்தீன் இலக்கணம். தமிழில் இலக்கணப் பள்ளி என்றால், பையன்கள் வரிசையாக உட்கார்ந்து நன்னூல் சூத்திரம் ஒப்பிப்பதுதான் கண்ணில் வரும். தூய தமிழாக இருக்கிறதே என்று ஒரு நண்பர் வாதாடினார். தூய்மையாக இருந்து என்ன செய்ய, படிப்பவருக்குப் பொய்யான படம் கிடைக்கிறதே. இதற்குப் பேசாமல் ஜெர்மன் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம்.

என் கட்சி ‘மேல்நிலைப்பள்ளி’. ஜெர்மனியில் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டோ பதின்மூன்றோ முடித்து, அபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதிப் பல்கலைக்கழகம் போகிறார்கள். நம் ஊரில் ஆறு முதல் பன்னிரண்டு வரை நடக்கும் பள்ளிகளுக்கு அது நெருக்கம். ஸ்வீடனில் கிம்னாசியம் என்பது பள்ளிப் படிப்பின் கடைசி மூன்று ஆண்டுகள் மட்டுமே, அங்கே இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். போலந்தில் 1999இல் கொண்டுவந்து அப்புறம் எடுத்துவிட்ட கிம்னாசியத்துக்கு மட்டும் பொருந்தாது, அது இடைநிலைப் படிப்பு. அதனால் எந்த நாடு, எந்தக் காலம் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். பள்ளியின் பெயராகவே வரும்போது, ஐன்ஸ்டைன் படித்த பள்ளியை ‘லூயிட்போல்ட் கிம்னாசியம்’ என்பதுபோல, அப்படியே விட்டுவிடலாம். ஜெர்மன் உச்சரிப்பில் முதல் எழுத்து ‘கி’தான், ‘ஜி’ இல்லை. அப்படி எழுதினால் யாருக்கும் தெருமுனை ஜிம் ஞாபகம் வராது.

ஜெர்மன்காரர் உடற்பயிற்சி செய்யப் போகும் கூடத்துக்குப் பெயர் டூர்ன்ஹால. அதை யாராவது மேல்நிலைப்பள்ளி என்று மொழிபெயர்த்து வைப்பதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்.