ஆயில் ஃபுல்லாக இருந்தும் இன்ஜின் ஏன் ஜாம் ஆகிறது?

"அண்ணே, ஆயில் ஃபுல்லாத்தான் இருக்கு, நீங்களே பாருங்க." இழுவை வண்டியிலிருந்து காரை இறக்குவதற்கு முன்பே டிப் ஸ்டிக்கை உருவி என்னிடம் நீட்டினார் அதன் சொந்தக்காரர். அவர் சொன்னது உண்மைதான். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது ஆயில். இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய 2 லிட்டர் டீசல் கார். நெடுஞ்சாலையில் போகும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. ஓரங்கட்டி டிப் ஸ்டிக்கைப் பார்த்திருக்கிறார். அளவு சரியாக இருக்கவும், சென்சார் கோளாறு என்று நினைத்து மறுபடி கிளம்பிவிட்டார். மூன்று கிலோமீட்டர்கூடப் போகவில்லை. முதலில் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ ஊளையிட்டது, அப்புறம் அடியில் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம், அதோடு இன்ஜின் நின்றது.

மறுநாள் இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி ஆயில் பம்ப்பைப் பிரித்தோம். பம்ப்பில் ஒரு குறையும் இல்லை. அதைச் சுழற்றும் விரல் நீளத் தண்டுதான் போயிருந்தது. ஆறு பட்டை பென்சில் போல இருக்கும் சின்ன எஃகுத் துண்டு அது. ஒரு முனையில் பட்டைகள் புதிது போலவே இருந்தன. மறு முனையில் ஆறு பட்டையும் தேய்ந்து உருண்டுவிட்டன. இன்ஜின் சுற்றியது, தண்டு குழிக்குள் வழுக்கியது, பம்ப் அசையவில்லை. இன்ஜினின் முதுகெலும்பான கிராங்க் ஷாஃப்ட், அதைத் தாங்கும் பேரிங், டர்போ மூன்றையும் தின்றுவிட்ட அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியவில்லை.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் வருமா? டிப் ஸ்டிக் காட்டுவது தொட்டியை மட்டும்தான். கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள சந்து சுமார் 0.05 மில்லிமீட்டர். அந்தச் சந்தில் ஆயில் அழுத்தத்தோடு வந்துகொண்டே இருந்தால்தான் இரும்பும் இரும்பும் உரசாது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் டர்போவின் தண்டும் அதே ஆயிலில்தான் மிதக்கிறது. அதனால் அழுத்தம் நின்றால் பெரும்பாலும் முதலில் அலறுவது டர்போதான்.

சிவப்பு விளக்கைப் பலர் முன்னெச்சரிக்கை என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சாவுச் செய்தி. பல கார்களில் அந்த விளக்கை எரியவைக்கும் ஆயில் சுவிட்ச் வேலை செய்வதே அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே இறங்கிய பிறகுதான். நல்ல டீசல் இன்ஜின் சூடான நிலையில், 2000 ஆர்பிஎம்மில், குறைந்தது 2 பாராவது காட்ட வேண்டும். அது 1 பாருக்கு இறங்கியிருந்தாலும் டேஷ்போர்டில் ஒன்றும் தெரியாது. விளக்கு எரியும்போது உங்கள் கையில் இருப்பது சில நொடிகள்.

அந்த நொடிகளில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், கிளட்ச்சை மிதியுங்கள், பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே ஓரம் கட்டுங்கள், இன்ஜினை அணையுங்கள். ஓடும்போதே அணைக்க வேண்டி வந்தால் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனக்கும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். நின்ற பிறகு "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே" என்று கை பரபரக்கும். வேண்டாம். வண்டியை இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

பம்ப் தண்டு தேய்வது எல்லா இன்ஜினிலும் வருவதில்லை. இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெட்டியோடு பம்ப்பும் சேர்ந்திருக்கும் சில இன்ஜின்களில்தான் இந்த நோய். உங்கள் இன்ஜினின் கோட் எண்ணை மெக்கானிக்கிடம் சொல்லி, பம்ப்பைச் சுழற்றுவது தண்டா, செயினா, ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்டா என்று ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் என்றால் அதன் ரப்பர் உதிர்ந்து சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னரை, அதாவது பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் வடிகட்டி வலையை, அடைக்கும் ஆபத்தும் கூடவே வருகிறது.

நான் அதிகம் பார்ப்பது ஸ்ட்ரெய்னர் அடைப்பைத்தான். தார் போன்ற கசடு வலையில் படிந்து, கடைசியில் நாலைந்து துளை மட்டும் மிச்சமிருக்கும். ஆயிலைக் காலம் தள்ளி மாற்றுவது ஒரு காரணம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்து, எரிந்த புகை உள்ளே இறங்குவது இன்னொன்று. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினால் இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகப் பிசின் கட்டியிருக்கும், ஓடும்போது சுக் சுக் என்று சத்தம் கேட்கும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்றாவது எங்கள் தொழில்காரர்களின் கைங்கரியம். சம்ப்பை மாட்டும்போது சிலிகான் பேஸ்டைத் தாராளமாகப் பிதுக்கிவிடுவார்கள். உள்பக்கம் வழிந்தது காய்ந்து, புழு மாதிரி உதிர்ந்து, நேராக ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டும்.

ஸ்ட்ரெய்னர் குழாயில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போனால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைய வழக்கத்தைவிட ஓரிரு நொடி கூடுதலாக ஆகிறதென்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ஆயில் ஃபில்டரின் வால்வு கெட்டிருந்தாலும் இப்படி ஆகும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட, அதன் மேல் புதியதை முடுக்கிவிட்டால், எங்காவது நடுவழியில் மொத்த ஆயிலும் பீய்ச்சி அடித்துவிடும். மாற்றியதும் ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கீழே குனிந்து பார்த்தாலே போதும்.

டிப் ஸ்டிக்கில் அளவு குறைவது மட்டும்தான் கெட்ட செய்தி என்று நினைக்காதீர்கள். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் மோந்து பாருங்கள். டீசல் வாசம் அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது, அழுத்தம் நிற்காது.

காரின் வயது பத்தைத் தாண்டியிருந்தால் நான் சொல்வது இரண்டு. முதலாவது, ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அழுத்தத்தை அளந்து எழுதி வைப்பது. ஒரு தடவை அளந்த எண்ணைவிட, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறையச் சொல்லும். இரண்டாவது, டைமிங் பெல்ட் மாற்றும் சமயத்தில் சம்ப்பையும் இறக்கச் சொல்வது. ஸ்ட்ரெய்னரைக் கழுவி, ஓ-ரிங்கை மாற்றி, பம்ப் தண்டோ செயினோ எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். வருடக்கணக்கில் கவனிக்காத இன்ஜினில் உள்ளே கழுவும் ஃப்ளஷ் மருந்து ஊற்றுவதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை. இருந்த இடத்தில் கிடந்த கசடு மொத்தமாகக் கிளம்பி ஸ்ட்ரெய்னருக்குத்தான் வரும்.

கைமாறிய கார் என்றால் விளக்கையே நம்புவதற்கில்லை. சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும் என்பதுதான் எல்லோரும் பார்க்கும் சோதனை. அந்தச் சோதனையில் அழகாகத் தேறிய கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. கேஜில் மட்டும் முள் ஏறவே மாட்டேன் என்றது. அது ஒற்றை ஒயர் சுவிட்ச் உள்ள பழைய மாடல். ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. டேஷ்போர்டைப் பிரித்தோம். ஆயில் விளக்கின் ஒயரை வெட்டி, அதே போல எரிந்து அணையும் பேட்டரி சார்ஜ் விளக்கின் ஒயரோடு முறுக்கி, மேலே நேர்த்தியாக டேப் சுற்றியிருந்தார் யாரோ ஒரு புண்ணியவான்.