1000 யார்டு ரைஃபிளுக்கு எவ்வளவு நீளப் பேரல்?

தூர இலக்குச் சுடுதலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையோடு வருகிறார்கள். பேரல், அதாவது குண்டு ஓடி வெளியேறும் குழாய், நீளமாக இருந்தால் குறி தப்பாது என்பதுதான் அது. ஆனால் 100, 200 யார்டு தூரத்தில் ஐந்து குண்டுகளையும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போடுகிற, மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ரைஃபிள்களைப் பாருங்கள். துல்லியத்தில் அவற்றை மிஞ்சுவது கடினம். அவற்றின் பேரல் வழக்கமாக 21, 22 அங்குலம்தான். 1000 யார்டு வரை சுடுகிற பால்மா என்ற தூரப் போட்டிக்காரரோ 30 அங்குலப் பேரலோடு வந்து படுத்துச் சுடுகிறார். இரண்டு பேருமே தெரிந்துதான் செய்கிறார்கள். நீளம் தருவது வேகத்தை, துல்லியத்தை அல்ல. அந்த வேகம் யாருக்குத் தேவை, அதற்கு எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பேரலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். இந்தக் கட்டுரையில் தோட்டா என்பது பித்தளை உறை, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது பறந்து போகிற பகுதி மட்டும். உதாரணத்துக்கு 308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1952-இல் வந்தது, தூரப் போட்டிகளில் இன்றும் முக்கிய இடத்தில் இருக்கிறது. உறையின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரில் ஊசி தட்டியதும் மருந்து பற்றிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் கிடுகிடுவென ஏறி 400 மெகாபாஸ்கலை ஒட்டிப் போகிறது, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 4000 மடங்கு. அந்த உச்சத்தின்போது குண்டு சில சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அதன் பிறகு குண்டு முன்னே ஓட ஓட, பின்னால் வாயுவுக்கு இடம் பெருகி அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. 24 அங்குலப் பேரலின் வாய்க்கு வந்து சேரும்போது உச்சத்தில் ஏறக்குறைய ஆறிலோ ஏழிலோ ஒரு பங்குதான் மிச்சம். குண்டு பேரலுக்குள் போனதிலிருந்து வெளியே வரும் வரை மொத்தமே ஒரு மில்லி நொடிக்குச் சற்று மேல்.

அந்த மிச்ச அழுத்தத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம். பேரல் சுவரோடு உரசுவதால் வரும் தடையைவிட அது இன்னும் பல மடங்கு பெரியது. அதனால் பேரலை நீட்டினால் குண்டு மேலும் வேகம் பிடிக்கும். 308-இல் ஒவ்வொரு கூடுதல் அங்குலத்துக்கும் நொடிக்கு 6 முதல் 9 மீட்டர் வரை கிடைக்கிறது. 24 அங்குலத்திலிருந்து 30-க்குப் போனால் நொடிக்கு 40, 50 மீட்டர் கூடும். 155 கிரெயின், அதாவது 10 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 850 மீட்டரிலிருந்து 900-ஐ நெருங்குகிறது.

எல்லாத் தோட்டாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 308 உறைக்குள் சுமார் 3.6 மில்லி லிட்டர் இடம் இருக்கிறது. 24 அங்குலப் பேரலில் குண்டு வாய்க்கு வரும்போது, உறையும் பேரலும் சேர்த்து வாயுவுக்குச் சுமார் 30 மில்லி லிட்டர் கிடைத்திருக்கும். எட்டு மடங்கு விரிந்துவிட்டது என்று அர்த்தம். 30 அங்குலத்தில் அது பத்து மடங்கு. இப்போது 6.5-284 என்ற தோட்டாவைப் பாருங்கள். உறை பெரிது, மருந்து அதிகம், பேரலின் துளையோ ஒடுக்கம். அதே 30 அங்குலத்தில்கூட வாயு ஏழு மடங்கு விரிவதில்லை. வேலை செய்யத் தெம்பு இருக்கும்போதே வாயு வெளியேறிவிடுகிறது. ஆகவே பெரிய உறை, ஒடுங்கிய துளை என்றால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கிடைக்கும் பலன் அதிகம்.

எதிர்க்கோடியில் இருப்பது 22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டா. ஒரு சிட்டிகை மருந்துதான், பற்றியதும் தீர்ந்துவிடும். 16 முதல் 19 அங்குலத்துக்குள் குண்டு தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் நீட்டினால் உரசல்தான் ஜெயிக்கும், வேகம் குறையத் தொடங்கும். ஆனாலும் 22 போட்டி ரைஃபிள்கள் பார்வைக்கு நீளமாக இருக்கும். பலவற்றில் முன்பகுதி பேரலே இல்லை, துளை அகலமான வெற்றுக் குழாய். குண்டு அதன் சுவரைத் தொடாமல் போய்விடும். குழாய் எதற்கு என்றால், நுனியில், குறிபார்க்க உதவும் முன்சைட்டைத் தாங்கி நிற்பதற்கு.

சைட் கணக்கு எளிது. டெலஸ்கோப் இல்லாமல், கண்ணருகே ஒரு துளை, நுனியில் ஒரு வளையம் என்று சுடுகிறவர் இந்த இரண்டையும் இலக்கோடு நேர்கோட்டில் நிறுத்துகிறார். அதில் 0.1 மில்லி மீட்டர் பிசகினால் என்ன ஆகும்? இரண்டுக்கும் இடையே 80 செ.மீ. என்றால் 1000 யார்டில் 11 செ.மீ.க்கு மேல் தள்ளி விழும். 95 செ.மீ. என்றால் பத்து செ.மீ.க்குள் அடங்கும். 1874-இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் நடந்த தூரச் சுடுதல் போட்டியில் அமெரிக்க அணி அயர்லாந்தை 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் வென்றது. அந்தக் காலத்துக் கரும்பொடி வெடிமருந்து ரைஃபிள்களில் 34 அங்குலம் வரை பேரல்கள் இருந்ததற்கு இந்தச் சைட் தூரமும் ஒரு காரணம். டெலஸ்கோப் வைத்துச் சுடுகிறவருக்கு இந்த லாபம் கிடையாது.

சரி, டெலஸ்கோப் வைத்துச் சுடும் எஃப் கிளாஸ் என்ற தூரப் போட்டிக்காரர்களும் ஏன் 30 அங்குலத்தை விடுவதில்லை? காற்றுதான் காரணம். பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது குண்டு பறக்கிற மொத்த நேரத்தைப் பொறுத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. வெற்றிடத்தில் பறந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதைவிட எவ்வளவு தாமதமானது என்பதுதான் கணக்கு. நொடிக்கு 900 மீட்டரில் கிளம்பும் குண்டு வெற்றிடத்தில் 1000 யார்டை, அதாவது 914 மீட்டரை, ஒரு நொடி சொச்சத்தில் கடந்திருக்கும். காற்றில் சுமார் ஒன்றரை நொடி ஆகிறது. அந்த அரை நொடித் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று வீசினால் குண்டு இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுங்கிப் போகும். 24 அங்குலப் பேரலில் இன்னும் ஒரு சாண் கூடுதலாக ஒதுங்கும்.

சாண் கணக்கைக் காட்டிப் பலர் நீளப் பேரலுக்கு வாதாடுவார்கள். எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது. தெரிந்த காற்றுக்குச் சைட்டைத் திருப்பி ஈடுகட்டிவிடலாமே! இரண்டு மீட்டர் ஒதுங்கினால் இரண்டு மீட்டர் திருப்புகிறோம், இரண்டே கால் என்றால் இரண்டே கால். உண்மையில் நம்மைக் கவிழ்ப்பது காற்றைத் தப்பாகப் படித்த பங்கு மட்டும்தான். நொடிக்கு 4.5 மீட்டர் என்று நினைத்தது உண்மையில் கால் பங்கு குறைவாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 30 அங்குலத்தில் குண்டு 55 செ.மீ. தள்ளி விழும், 24 அங்குலத்தில் சுமார் 60. வித்தியாசம் ஐந்தே செ.மீ. அது அற்பமா? எஃப் கிளாஸின் 1000 யார்டு இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. நடுவிலிருந்து ஓரம் வரை பன்னிரண்டரை செ.மீ.தான். ஒரு நாள் முழுக்கச் சுடும்போது கோட்டை உரசி விழும் குண்டுகள் எத்தனையோ இருக்கும். அந்தக் குண்டுகளுக்காகத்தான் இந்த ஆறு அங்குலம்.

வேகம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் ஒலி. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டின் வேகம் ஒலி வேகத்தைப் போல 1.2 மடங்குக்கும் கீழே இறங்கும்போது அதன் மேல் காற்றழுத்தம் மாறி மாறி விழுகிறது, சில குண்டுகள் தள்ளாடத் தொடங்குகின்றன. 308-க்கான 168 கிரெயின் போட்டிக் குண்டு ஒன்று இதற்குப் பேர்போனது. 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைத்தது அது, அங்கே அருமையாகச் சுடும். 1000 யார்டுக்குக் கொண்டுபோனால் இலக்கு அட்டையில் பக்கவாட்டில் மோதி நீள்வட்ட ஓட்டை போடும். 155 கிரெயின் பால்மா குண்டு இவ்வளவு மோசமில்லை என்றாலும், அதுவும் ஒலி வேகத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இலக்கை அடைகிறது. இங்கே கிளம்பும் வேகத்தில் கூடும் ஒவ்வொரு மீட்டரும் அருமையானது.

அப்புறம், விட்டுக்கொடுப்பது என்ன? முதலில் விறைப்பு. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட கம்பியின் நுனியில் தள்ளினால், வளைவு நீளத்தின் மும்மடியாகக் கூடும். 24-ஐ 30 ஆக்கினால் அதே தள்ளலுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வளைவு. சொந்த எடையால் தொங்குவது நான்மடியாகக் கூடும், அதாவது சுமார் 2.4 மடங்கு. ஆனால் தடிமனும் நான்மடியாக உதவுகிறது. விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு 46 சதவீதம் ஏறும். அப்படியானால் தடியாகவே செய்துவிடலாமே என்றால், எடை வந்து நிற்கிறது. ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள பேரலில் ஒவ்வொரு அங்குலமும் ஏறக்குறைய 150 கிராம். ஆறு அங்குலத்துக்கு 900 கிராம். எஃப் கிளாஸின் எஃப்-டிஆர் பிரிவில் டெலஸ்கோப், பைபாட் என்ற முன் தாங்குகால் எல்லாம் சேர்த்து ரைஃபிளின் எடை எட்டேகால் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் நீளப் பேரல்கள் நுனி நோக்கி ஒடுங்குகின்றன.

விறைப்பு குறைந்தால் துல்லியம் போய்விடும் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பேரல் அதிர்வது பிரச்சினை இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர வேண்டும், அவ்வளவுதான். 303 என்று பலருக்கும் தெரிந்த லீ என்ஃபீல்டு இதற்கு அழகான சாட்சி. கிட்டத்தில் அது சுமார்தான். 1000 யார்டு பக்கம் போனால் தன்னைவிட விறைப்பான ரைஃபிள்களோடு மல்லுக்கு நிற்கும். பேரல் நுனி மேல்நோக்கி அசையும் கணத்தில் குண்டு வெளியேறுவதால், சற்று மெதுவான குண்டு ஒரு நூலிழை தாமதமாக, நுனி இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்போது கிளம்புகிறது. தூரத்தில் அது இழக்கும் உயரத்தை அந்தச் சாய்வு ஈடுகட்டிவிடுகிறது.

என்னைக் கேட்டால், 300 மீட்டருக்குள் டெலஸ்கோப்போடு சுடுகிறவருக்கு 24 அங்குலத்துக்கு மேல் அவசியமே இல்லை. 600 யார்டுக்கு 26 போதும். 308-ஐ 1000 யார்டுக்குக் கொண்டுபோகிறவர் 30-க்குக் குறையக் கூடாது. 32-க்கு மேல் போனால் கிடைக்கும் வேகத்தைவிடச் சுமக்கிற எடை அதிகம். ஒரே நீளம், ஒரே தயாரிப்பு என்றாலும் இரண்டு பேரல்களுக்கு இடையே நொடிக்கு 15 மீட்டர் வித்தியாசம் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வேகம் குறைவாகப் பிறந்த 30 அங்குலம், நன்றாகப் பிறந்த 28-இடம் தோற்கலாம். அரை அங்குலத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, பேரல் வாயைச் செதுக்குகிறவர் கைதேர்ந்தவரா என்று விசாரிப்பது மேல். குண்டின் அடிப்பகுதி வெளியேறும் கணத்தில் அந்த விளிம்பில் ஒரு பக்கம் சின்னப் பிசிறு இருந்தால்கூட, வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும்.

வாங்கும்போது ஓரிரு அங்குலம் கூடுதலாக வாங்குவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. பேரல் தேய்வது நுனியில் அல்ல, மருந்து எரிகிற பின்பக்கத்தில். சில ஆயிரம் குண்டுகள் போன பிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால், தோட்டா அறைக்கு அடுத்த சில சென்டிமீட்டர் வற்றிய குளத்துத் தரை போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். 6.5-284 போன்றவற்றில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு குண்டுகளிலேயே அந்தக் காட்சி வந்துவிடும். பின்பக்கத்தில் ஒரு அங்குலத்தை வெட்டித் தள்ளி, அறையைப் புதிதாகக் குடைந்தால் அதே பேரல் மறுபடி சுடும். 32-ஆக வாங்கியவர் கையில் அப்போதும் 31 இருக்கும்.