அடம் ஏன் சில குழந்தைகளிடம் தங்கிவிடுகிறது?

இரண்டு, மூன்று வயதில் அடிக்காத, கடிக்காத, தரையில் புரண்டு அழாத குழந்தையைப் பார்ப்பது அரிது. அப்புறம் பேச்சு கூடுகிறது, காத்திருக்கப் பழகுகிறார்கள். பள்ளி வயதுக்குள் பெரும்பாலானோரிடம் இது தணிந்துவிடும். சிலரிடம் மட்டும் தணிவதில்லை. சட்டென்று கொதிக்கும் பிறவிச் சுபாவம் ஒரு காரணம், மரபணுவுக்கும் பங்கு உண்டு. அந்தச் சுபாவத்துக்குத் தினமும் தீனி போடுவது எது?

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் இதற்கு விடை தேடி வீடுகளுக்குள்ளேயே போய்க் கவனித்தார். அவர் விளக்கிய சுழல் இப்படிப் போகும். "டிவியை நிறுத்திட்டுத் தூங்கப் போ" என்கிறார் அம்மா. "மாட்டேன்." அம்மாவின் குரல் உயர்கிறது. குழந்தை வீறிட்டு ரிமோட்டைத் தூக்கி எறிகிறது. நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர், "சரி, இன்னும் பத்தே நிமிஷம்" என்று விட்டுவிடுகிறார். வீடு அமைதியாகிறது. அந்த அமைதியில் இருவருமே ஒரு பாடம் படித்துவிட்டார்கள்: கத்தினால் கேட்டது கிடைக்கும் என்று குழந்தை, இறங்கிப்போனால் சத்தம் நிற்கும் என்று அம்மா. அடுத்த முறை கத்தல் இன்னும் சீக்கிரம் தொடங்கும். அடித்து அடக்கினாலும் கதை இதேதான். பலம் உள்ளவர் சொன்னதுதான் நடக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது.

பயமும் இப்படித்தான் வளர்கிறது. பள்ளிக்குப் போகப் பயப்படும் குழந்தைக்குக் காலையில் வயிற்றுவலி. நடிப்பு என்று திட்டாதீர்கள், நிஜமாகவே வலிக்கிறது. லீவு போட்டதும் வலி பறந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் நாளைய பயத்துக்கு உரம்.

வயது ஏற ஏற பிரச்சினை உருவம் மாறும். வீட்டில் கத்திய பிள்ளையை வகுப்பில் யாரும் விளையாட்டில் சேர்ப்பதில்லை; திட்டு சேர்கிறது, படிப்பு பின்தங்குகிறது, பதின்வயதில் அதுவே மனச்சோர்வாகவும் வரலாம். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் பணியாற்றும் டெர்ரி மோஃபிட் 1993இல் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார்: பதின்வயதில் மட்டும் முரண்டு பிடித்து அடங்குபவர்கள் பலர், சிறு வயதிலேயே தொடங்கிப் பெரியவர்களான பின்னும் தொடர்பவர்கள் சிலர்.

தினமும் தீனி போட்டு வளர்வதால், தீனியை நிறுத்தவும் முடியும். பெற்றோருக்கான பயிற்சிகள் நன்றாகச் சோதிக்கப்பட்டவை: குழந்தை ஒழுங்காக இருக்கும் நேரத்தைக் கவனித்துப் பாராட்டுவது, ஒரே வரியில் சொல்வது, சொன்னதில் நிற்பது. பயத்துக்கு, இன்று பள்ளி வாசல்வரை, அடுத்து ஒரு பாடவேளை என்று கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது. இறங்கிப்போவதை நிறுத்திய முதல் சில நாட்கள் கத்தல் குறையாமல் கூடவும் செய்யலாம். இதனால் பயனில்லை என்று பலர் கைவிடுவது அங்கேதான். கூடுவதே பழைய வழி பலிக்கவில்லை என்பதற்கான அடையாளம்.