பாட்டியின் தோட்டமும் நான்கு நிமிடப் பாட்டும்: விளையாட்டுக்குள் படம் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, ஐந்தாம் படிவம் படிக்கும் மகனை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்திருந்தார்கள். உட்கார்ந்ததும் அவர் கேட்டது இதுதான்: "மேடம், இவன் கம்ப்யூட்டர் கேம்ல படம் எடுத்திருக்கான். இப்போ காப்பிரைட்னு என்னமோ கடிதம் வந்திருக்கு. வீட்டுக்குப் போலீஸ் வருவாங்களா?"

பையன் தலையைத் தூக்கவே இல்லை.

போலீஸ் வராது என்று முதலில் சொல்லிவிட்டு, படத்தைக் காட்டச் சொன்னேன். (அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிளாக் எனப்படும் சதுரக் கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் அவன் கட்டியிருந்தது ஒரு ரப்பர் தோட்டம். அவன் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டம். இன்று அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது, தோட்டத்தின் புகைப்படம்கூட வீட்டில் இரண்டுதான் இருக்கிறதாம். லயத்து வீடுகள், பெரட்டுக்களம், மாரியம்மன் கோயில், கிராணி வீடு என்று பாட்டி சொல்லச் சொல்லக் கட்டியிருக்கிறான். மரத்தில் பால் வடியும் மங்குக்கு அந்த விளையாட்டில் பொருள் கிடையாது. அதனால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு கல் பொத்தானை ஒட்டிவைத்திருந்தான். முதலில் தரையிலிருந்து இரண்டாவது பிளாக்கில் ஒட்டினானாம். திரையைப் பார்த்த பாட்டி, "இவ்வளவு உயரத்தில வைச்சா எனக்கு எப்படிடா எட்டும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த விளையாட்டில் ஒரு பிளாக் ஒரு மீட்டர். எல்லாப் பொத்தான்களையும் ஒரு பிளாக் கீழே இறக்கியிருக்கிறான். முந்நூறுக்கு மேற்பட்ட மரங்கள்.

நாற்பது நிமிடப் படம். நண்பர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை நடத்த, இன்னொருவன் யார் கண்ணுக்கும் தெரியாமல் பறந்துகொண்டே கேமராவாக இருந்திருக்கிறான். தோட்டத்தை விட்டு லாரியில் சாமான் ஏற்றிப் போகும் கடைசிக் காட்சியில், பாட்டி ரேடியோவில் கேட்ட ஒரு பழைய சினிமாப் பாட்டை முழுதாகப் போட்டிருந்தான். வம்பு அங்கேதான். உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் படத்தை யூடியூப் நீக்கிவிட்டது, சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கையும் ஒன்று விழுந்தது.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம், இப்படி வருகிற பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் ஒரே முடிவோடு வருகிறார்கள். கணினியைப் பிடுங்கி வைத்துவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் பிள்ளை செய்வது திருட்டும் இல்லை, வெட்டி வேலையும் இல்லை. அது ஒரு கலை வடிவம், அதற்கு மஷினிமா என்று பெயர்கூட உண்டு. 1996இல் குவேக் என்ற சுடும் விளையாட்டை ஆடிய ஒரு குழு, ஆட்டத்தைப் பதிவு செய்து அதையே ஒரு குட்டிக் கதையாக்கியது. இந்தக் கலையின் தொடக்கம் என்று அதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். 2005இல் பாரிஸ் புறநகர்களில் இரண்டு சிறுவர்களின் சாவுக்குப் பின் கலவரம் வெடித்தபோது, அலெக்ஸ் சான் என்ற பிரெஞ்சு இளைஞர், திரைப்பட ஸ்டுடியோ நடத்தும் ஒரு கணினி விளையாட்டை வைத்தே, புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் பக்கத்துக் கதையைப் படமாக்கி இணையத்தில் விட்டார். உலகப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. 2024இல் ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டுக்குள் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அரங்கேற்றிய கதை முழுநீள ஆவணப்படமாகவே வந்து, அமெரிக்காவின் எஸ்எக்ஸ்எஸ்டபிள்யூ திரைப்பட விழாவில் விருது வாங்கியது. கேமரா வாங்க வசதியில்லாதவன் தன் கதையைச் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கிறது. நம் தோட்டத்துக் கதைகளுக்கு அந்த வழி எவ்வளவு தேவை என்று உங்களுக்கே தெரியும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நம் மலேசியாவில் இதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். (பலர் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது, வேறு சட்டம்.) விளையாட்டுக்குள் எடுத்த ஒரு படத்தில் மூன்று அடுக்கு உரிமை இருக்கிறது. விளையாட்டின் உருவங்களும் உலகமும் அதைத் தயாரித்த நிறுவனத்துக்குச் சொந்தம். பாட்டு, அதை எழுதியவர், இசையமைத்தவர், பதிவு செய்தவர் ஆகியோரிடமிருந்து உரிமை வாங்கியவருக்குச் சொந்தம். கதை, வசனம், காட்சிகளைக் கோத்த விதம் ஆகியவை உங்கள் பிள்ளையுடையவை. இந்த மூன்றாவது அடுக்கை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எழுதியோ பதிவு செய்தோ முடித்த அந்த நேரத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கேயும் பதியத் தேவையில்லை.

முதல் அடுக்கில் நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. பல விளையாட்டு நிறுவனங்கள் ரசிகர்களுக்கென்று விதிகளை வெளியிட்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2007இலேயே தன் விளையாட்டுகளுக்கு அப்படி ஒரு விதித்தொகுப்பைப் போட்டது. இலவசமாகக் காட்டலாம், பார்ப்பதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு யூடியூப் விளம்பர வருமானத்துக்கும் இடம் கொடுத்தார்கள். மைன்கிராஃப்ட்டுக்குத் தனி விதிகள் உண்டு. காணொளியில் நீங்கள் சொந்தமாகச் சேர்த்தது இருக்க வேண்டும், நிறுவனமே எடுத்த படம் போலத் தோன்றக் கூடாது. நம் பையன் படத் தலைப்பின் முதல் சொல்லாகவே 'மைன்கிராஃப்ட்' என்று போட்டிருந்தான், அதை மாற்றச் சொன்னேன். எந்த விளையாட்டில் எடுத்தாலும் அதன் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். மண்டபம் எடுத்து ஆளுக்கு ஐந்து வெள்ளி டிக்கெட் போடுவதற்கு முன்னால் இரண்டு முறை படியுங்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இரண்டாவது அடுக்கில், அதாவது பாட்டில். "பழைய பாட்டுதானே மேடம், பாடினவங்க எழுதினவங்க எல்லாம் போய்ட்டாங்களே" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நம் சட்டத்தில் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டு ஓடும். கண்ணதாசன் 1981இல் காலமானார். அவருடைய வரிகளுக்கு இங்கே 2031 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டு என்பதால் 2041 முடியும்வரை. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015இல். அவருடைய மெட்டுகளுக்கு இங்கே 2065வரை கணக்கு போகிறது. 'பத்து விநாடிக்குள் போட்டால் பரவாயில்லை' என்று பிள்ளைகளிடையே ஒரு பேச்சு உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

நம் சட்டத்தின் 13ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. விமர்சனம், ஆய்வு போன்ற காரணங்களுக்கு நியாயமான அளவில் எடுத்தாளலாம். 2012 திருத்தம் அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தது. கேலிப் போலி, நையாண்டிச் சித்திரிப்பு போன்றவற்றுக்கும் தனி விலக்கு இருக்கிறது. நட்சத்திர வசனங்களை மாற்றிப் பேசி, கேலி செய்து காணொளி போடும் ரசிகர்களுக்கு இது உண்மையான துணை. ஆனால் இது நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டிய வாதம். யூடியூபில் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு நையாண்டி தெரியாது. அதோடு, சோகக் காட்சிக்குப் பின்னணியாக முழுப் பாட்டையும் போடுவது எந்தக் கணக்கிலும் நையாண்டி ஆகாது.

யூடியூபிலிருந்து கடிதம் வந்தால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். கிளைம் என்றால், இயந்திரம் பாட்டை அடையாளம் கண்டிருக்கிறது. பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், படம் அங்கேயே இருக்கும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் மறுக்கலாம், அதற்கு உரிமையாளர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். ஸ்ட்ரைக் வேறு. அது உரிமையாளரே முறைப்படி நீக்கச் சொன்னதால் வருவது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். கோபத்தில், படத்தை நீக்கியது தவறு என்று சொல்லும் எதிர் அறிவிப்பை அனுப்பிவிடாதீர்கள். அது சட்டப்படி கையெழுத்துப் போட்டுச் சொல்லும் வாக்குமூலம், மறுநாள் வழக்கு வந்தால் தாங்க வேண்டியது நீங்கள்தான். நம் பையன் விஷயத்தில் தவறு அவன் பக்கம் என்பதால் மறுக்கவில்லை. பாட்டை எடுத்துவிட்டோம், 90 நாள் பொறுத்தோம்.

இப்போது மூன்றாவது அடுக்கு. இங்கே ஒரு வருத்தமான அனுபவத்தைச் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்கள் மூன்று பேர், தைப்பூச வாழ்த்துக்காக ஒரு நிறுவனத்துக்குப் பத்துமலையை இதே விளையாட்டுக்குள் கட்டி இரண்டு நிமிடப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். 42.7 மீட்டர் முருகன் சிலையை 43 பிளாக் உயரத்துக்கு எழுப்பினார்கள். படி 272, ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று அதில் ஒரு பெண் பிடிவாதமாக நின்றாளாம். படிக்கு அரை பிளாக் வைத்தாலும் 136 மீட்டர் ஆகிறது, அதற்காக மலையையே மறுபடி உயர்த்தினார்கள். கிடைத்தது 1,200 வெள்ளி. எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப் பேச்சு. அடுத்த வருடம் அதே படம், அவர்கள் பெயர்களை வெட்டிவிட்டு, நிறுவனத்தின் சின்னத்தோடு மறுபடி வந்தது. "எங்க படத்தைத் திருடிட்டாங்க அக்கா" என்று வந்து நின்றார்கள்.

திருட்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனால் சட்டம் அதுதான். 26ஆம் பிரிவின்படி, கேட்டுச் செய்து கொடுத்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்விடும். 'இந்த ஆண்டு மட்டும் பயன்படுத்தலாம், உரிமை எங்களிடமே இருக்கும்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கதையே வேறு. பெயர் சொல்லப்படும் உரிமை மட்டும் படைத்தவரிடம் தங்கும், அது 25ஆம் பிரிவு. அதை வைத்துக் கடிதம் எழுதினேன். பெயர்களைத் திரும்பப் போட்டார்கள், அவ்வளவுதான்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை எந்த ஒப்பந்தத்திலும் தானே கையெழுத்துப் போடக் கூடாது. சேனலை வளர்த்துத் தருகிறோம் என்று வரும் இடைநிறுவனங்களின் தாளில் 'நிரந்தரமாக' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மூலக் கோப்புகளை வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். 2019 ஜனவரியில் மஷினிமா என்ற பெயரிலேயே இயங்கிய பெரிய யூடியூப் சேனல் தன் காணொளிகளையெல்லாம் திடீரென்று மறைத்துவிட்டது. பல வருட உழைப்பு ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போனது. எழுதிய தேதி, திருத்திய தேதி எல்லாம் வீட்டில் வைத்த மூலக் கோப்புகளில் இருக்கும், பிறகு சாட்சிக்கு ஆகும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், சத்தியப் பிரமாணத்தோடு படைப்பை விருப்பப் பதிவு செய்யலாம். கட்டாயம் இல்லை, ஆனால் தகராறு வந்தால் அந்தப் பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும்.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது, செயற்கை நுண்ணறிவில் நடிகர் குரலையோ பாடகர் குரலையோ செய்து வசனம் பேச வைப்பது. 2024இல் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் இப்படி மீட்டபோது, குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, அவர்களுக்குப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அவ்வளவு பெரிய இசையமைப்பாளரே கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறார். நம் பிள்ளைகளும் கேட்கட்டும். இல்லையென்றால் தன் குரலிலேயே பேசட்டும், ரவாங் பையன் படத்தில் எனக்கு மிகப் பிடித்ததே அந்த நான்கு பேரின் உடைந்த குரல்கள்தான்.

அவன் படத்தின் கடைசிக் காட்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவன் பெரியப்பா மகன் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறார். சினிமா மெட்டு எதுவும் இல்லாமல், கோயில் திருவிழாவில் வாசிக்கும் அடியையே மூன்று நிமிடம் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்தார்கள். அதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்று சொன்னேன். எழுத்தில் இல்லாத அனுமதியை நம் சட்டம் கணக்கில் எடுக்காது. ஒரு பக்கத்துக்கு நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். குழுத் தலைவர் அதை நிதானமாக இரண்டு முறை படித்தார். காசு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எங்க ஆறு பேர் பேரும் படத்தில வரணும், அதையும் இதுல எழுதிடுங்க" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, சின்ன மேளம் அடிக்கும் பையனின் பெயரில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினார். அதையும் திருத்தினேன்.