வேலை போனதும் பதியுங்கள்: சுவிஸ் கணக்கில் வராத நம்மவர்கள்

சுவிற்சர்லாந்தில் வேலையின்மை 2023இல் 2.0 வீதம், 2024இல் 2.4 வீதம். கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் வட்டார வேலைவாய்ப்பு நிலையத்தில் பெயர் பதிந்தவர்களை மட்டுமே இதில் எண்ணுகிறார்கள். பதிவைப் பார்க்காமல், வேலை தேடுகிறீர்களா என்று மக்களிடமே கேட்டு எடுக்கும் கணக்கில் அதே 2024இல் 4 வீதத்துக்கு மேல் வருகிறது. வேலையில்லாக் காப்புறுதிக் கொடுப்பனவு கிடைக்கும் நாட்கள் தீர்ந்து பதிவை விட்டவர்களும் பதியவே போகாதவர்களும் இந்த இடைவெளியில் இருக்கிறார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அலுவலகங்களில் மொழிபெயர்த்து உதவும் எனக்கு, பதியப் போகாதவர்களை நன்றாகத் தெரியும். பலரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பதிந்தால் பிரஜாவுரிமை கிடைக்காது."

இது தவறான பயம். சம்பளத் துண்டைப் பாருங்கள். வேலையில்லாக் காப்புறுதிக்கென்று மாதாமாதம் 1.1 வீதம் கழிக்கிறார்கள். முதலாளியும் அதேயளவு கட்டுகிறார். அது நீங்கள் கட்டிய காப்புறுதி. பிரஜாவுரிமைக்கும் வதிவிட அனுமதிக்கும் சிக்கல் தரக்கூடியது சமூக உதவிப் பணம். பதியாமல் சேமிப்பைக் கரைத்தவர்கள் கடைசியில் போய் நிற்பதோ அந்தச் சமூக உதவி அலுவலகத்தில்தான். இதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

உணவகச் சமையலறையில் பல வருடம் நின்ற ஒருவருக்கு இரண்டு மாத முன்னறிவிப்போடு வேலைநீக்கக் கடிதம் வந்தது. அந்த இரண்டு மாதமும் ஒழுங்காக வேலை செய்தார், வேறு எங்கும் விண்ணப்பிக்கவில்லை. வேலை முடிந்த பிறகு பதியப் போனபோது அதிகாரி முதலில் கேட்டது, முன்னறிவிப்புக் காலத்தில் வேலை தேடியதற்கான ஆதாரம். கையில் ஒன்றுமில்லை. அதனால் அவருடைய கொடுப்பனவில் சில நாட்களை வெட்டினார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து அதை அவருக்குத் தமிழில் சொன்னது நான்தான்.

கடிதம் கிடைத்த அன்றே வேலை தேடத் தொடங்குங்கள். பதிவை வேலையற்ற முதல் நாளைத் தாண்ட விடாதீர்கள். கடைசி இரண்டு வருடத்தில் 12 மாதம் காப்புறுதி கட்டியிருந்தால் பொதுவாக உரிமை உண்டு. சம்பளத்தில் 70 வீதம் கிடைக்கும், பராமரிக்கப் பிள்ளைகள் இருந்தால் 80. வயது 55 நிறைந்து, 22 மாதம் கட்டியிருந்தால் கொடுப்பனவு 520 நாட்கள் வரை போகலாம்.

அப்புறம், எங்கே, எந்தத் திகதியில் விண்ணப்பித்தீர்கள், நேரில் போனீர்களா, எழுத்தில் அனுப்பினீர்களா, என்ன பதில் வந்தது என்று அன்றன்றே எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த மாதம் 5ஆம் திகதிக்குள் வேலைவாய்ப்பு நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும்.