கெட்ட கமிட்டும் அப்பா பெயரும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் சேர்ந்து, கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் ஒரு கேம் செய்கிறார்களாம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போக வேண்டும். மழை வந்து, பால் வடியும் மங்குக் கிண்ணத்தை நிரப்புவதற்குள் பாலை எடுத்துவிட வேண்டும். எனக்கே விளையாட ஆசையாக இருக்கிறது.

போன வாரம் தம்பி ஒருவன், ஒவ்வொரு கோப்போடும் ஒட்டிக்கொண்டு வரும் மெட்டா கோப்புகளைக் குப்பை என்று நினைத்து மொத்தமாக அழித்திருக்கிறான். பிறகு யூனிட்டியைத் திறந்து, 'சுத்தம் செய்தேன்' என்ற குறிப்போடு கமிட் போட்டு (மாற்றத்தைப் பதிந்து), எல்லாருக்கும் பொதுவான இடத்துக்குப் புஷ்ஷும் செய்துவிட்டான் (அனுப்பிவிட்டான்). மறுநாள் பார்த்தால் மரமெல்லாம் பளீரென்று ரோஸ் நிறம். கண்ணுபட்டுவிட்டது என்று சித்தி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாராம். பழத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. 'கம்ப்யூட்டர் தானா கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோமே, அந்த மூடநம்பிக்கைதான் எனக்கு ஆகாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று, கோப்புகளின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருள் வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் யூனிட்டி தரும் அடையாள எண் அந்த மெட்டா கோப்பில்தான் இருக்கிறது. காட்சிக் கோப்புகள் பொருளை இந்த எண்ணை வைத்துத்தான் தேடுகின்றன. மெட்டாவை அழித்தால் யூனிட்டி புது எண் கொடுத்துவிடும். பழைய எண்ணைத் தேடிப் போன மரத்துக்குப் பட்டையின் நிறம் கிடைக்காது.

சரி, கேள்விக்கு வருவோம். "கவனிக்காமல் அவனுக்குப் பிறகு நாங்கள் மூன்று கமிட் போட்டுவிட்டோம். நடுவில் உள்ள அந்த ஒன்றை மட்டும் அழிக்க முடியாதா, சார்?"

கிட் எதற்கும் தானாகப் பெயர் யோசிப்பதில்லை. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை ஷா-1 என்ற கணக்கில் போட்டு அரைக்கிறது. வெளியே 40 எழுத்துள்ள ஒரு சரம் வருகிறது. கிட்டின் கிடங்கில் அதுதான் அந்த உள்ளடக்கத்தின் பெயர். ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்தச் சரமே வேறாகிவிடும். கோப்புறை என்பது இப்படிப்பட்ட பெயர்களின் பட்டியல். அந்தப் பட்டியலையும் அரைத்தால் கோப்புறைக்கு ஒரு பெயர். கமிட்டில் மேல் கோப்புறையின் பெயர், போட்டவர், நேரம், குறிப்பு, கூடவே முந்தைய கமிட்டின் பெயர் எல்லாம் இருக்கும். அதையும் அரைத்தால் கமிட்டின் பெயர்.

நம் மலேசிய அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) போட்டு அப்பா பெயர் வருகிறதல்லவா, அது போலத்தான். என்ன, நம் அட்டை அப்பாவோடு நின்றுவிடும். கமிட்டில் அப்பா பெயருக்குள் தாத்தா பெயர், அதற்குள் பூட்டன் பெயர் என்று முதல் கமிட் வரை கரைந்து கிடக்கிறது. நடுவில் ஒருவரை நீக்கினால் அவருக்குப் பின் பிறந்த அத்தனை பேருக்கும் பெயர் மாறும். உங்கள் மூன்று கமிட்டும் புதுப் பெயரோடு வந்து நிற்கும். அக்காவின் மடிக்கணினியிலோ பழைய பெயர்கள்தான் இருக்கும். அவர் ஒருமுறை புல் செய்து (பொது இடத்தில் உள்ளதை இறக்கி) இணைத்துப் புஷ் செய்தால், விரட்டிய கமிட் வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

அதற்குத்தான் ரிவெர்ட். கெட்ட கமிட் என்னென்ன மாற்றியது என்று பார்த்து, அதற்கு நேர் எதிரான மாற்றத்தைக் கடைசியில் ஒரு புதுக் கமிட்டாகச் சேர்க்கும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, செக்ரோல் பதிவேட்டில் தவறிப்போன எண்ணைச் சுரண்டாமல் அடுத்த வரியில் கழித்து எழுதுவது போல.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ரிவெர்ட் செய்ததும் பழைய மெட்டா கோப்புகள் அச்சு அசலாகத் திரும்புகின்றன. உள்ளடக்கம் அதே என்றால் பெயரும் அதேதான். அந்தப் பெயரில் சரக்கு ஏற்கெனவே கிடங்கில் இருக்கிறது. ஆகவே கிட் எந்த மெட்டாவையும் மறுபடி சேமிப்பதில்லை, பழையதையே சுட்டிக்காட்டுகிறது. நீங்கள் அதன்பின் கை வைக்காத கோப்புறைகளுக்கும் அதே 40 எழுத்து. ஒரு கமிட்டில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ்-ட்ரீ கட்டளையை, கெட்ட கமிட்டுக்கு முந்தையது, ரிவெர்ட் கமிட் இரண்டுக்கும் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் முதல் தடவை பார்த்தபோது, தொலைந்த பையன் அதே சட்டையோடு வாசலில் வந்து நின்றது போல் இருந்தது.

வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே பெயர் வராதா என்று கேட்பீர்கள். மொத்தம் சாத்தியமான பெயர்கள் 1-க்குப் பின் 48 சுழியம் போட்டாலும் அடங்காதவை, தற்செயலாக மோதாது. வேண்டுமென்றே மோதவைக்கலாம் என்று 2017-இல் ஆம்ஸ்டர்டாம் தேசியக் கணித ஆய்வு நிலையமும் கூகுளும் செய்து காட்டின. அதே ஆண்டில் கிட்டுக்குள் அதைக் கண்டுபிடிக்கும் காவலும் வந்துவிட்டது. பூட்டை உடைத்துப் பார்ப்பதற்கென்றே அங்கே அரசுப் பணம் போகிறது. நம் பக்கம் அப்படி ஒரு விண்ணப்பம் போட்டால் 'இதில் என்ன வருமானம்?' என்றுதான் முதலில் கேட்பார்கள்.

'ரீசெட் ஹார்டு போட்டு ஃபோர்ஸ் புஷ் பண்ணு' என்று யாராவது சொல்வார்கள். அதாவது, பழைய கமிட்டுக்கே திரும்பிப் போய், பொது இடத்திலும் அதையே வலுக்கட்டாயமாகத் திணிப்பது. தனியாக வேலை செய்பவருக்குச் சரி. கூட்டு வேலையில் வேண்டாம். ஏற்கெனவே செய்து மாட்டிக்கொண்டவர்கள், முன்பு நின்ற கமிட்டுகளைக் குறித்து வைக்கும் ரெஃப்லாக் பார்க்கலாம். கமிட்டுகளை ரீசெட் அழிப்பதில்லை, கடைசிக் கமிட்டைச் சுட்டும் பிராஞ்ச் என்ற சீட்டைத்தான் நகர்த்துகிறது. இயல்பான அமைப்பில் கைவிடப்பட்ட கமிட்டுக்கு அந்த மடிக்கணினியில் 30 நாளாவது ஆயுள் உண்டு. கமிட் போடாத வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரு எச்சரிக்கை. அந்த மூன்று கமிட்டில் ஒன்று புது முகப்புக் காட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அது தம்பியின் புது எண்களை நம்பிப் பிறந்தது. ரிவெர்ட் ஆனதும் அதன் பொத்தான் படங்கள் காணாமல் போகும். அவற்றைக் கையால் இழுத்துப் போட வேண்டியதுதான். அப்புறம், ரிவெர்ட் செய்யும்போது யூனிட்டி மூடியிருக்கட்டும், எல்லார் கணினியிலும்.